லினக்ஸ் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து வழு அறிக்கை வரை

"அப்டேட் போட்டேன், எல்லாம் போச்சு. உடனே சரிசெய்யவும்."

இப்படி ஒற்றை வரியில் முடியும் வழு (பக்) அறிக்கைகளைப் படித்துத் தரம் பிரிக்கும் வேலையை ஓய்வு நேரத்தில் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். எழுதியவரைக் குறை சொல்ல மனம் வராது. பாவம், அவருடைய இயந்திரம் உண்மையிலேயே படுத்துவிட்டது. ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு யாராலும் ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாது. லினக்ஸின் மையமான கெர்னலை எழுதுவது ஒரு கூட்டம், கணினியை எழுப்பிப் பின்னணி சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியை எழுதுவது இன்னொரு கூட்டம், டெஸ்க்டாப் வேறொரு கூட்டத்தின் கைவேலை. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது டிஸ்ட்ரோ (டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் மாதிரி). வழு எந்த அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்த நோவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

எதற்கும் முன்னால் இரண்டு ஏற்பாடு

சிஸ்டம்டி உள்ள டிஸ்ட்ரோக்களில் பதிவுகளைச் சேர்த்துவைப்பது ஜர்னல்டி. பல பதிப்புகளில், அமைப்புகளில் யாரும் கை வைக்காதவரை, /வார்/லாக்/ஜர்னல் என்ற அடைவு இருந்தால்தான் அது டிஸ்க்கில் எழுதும். இல்லாவிட்டால் நினைவகத்தில் மட்டும் வைத்திருந்து, ரீபூட் ஆனதும் தொலைத்துவிடும். முந்தைய பூட்டின் பதிவைக் காட்டும் கட்டளை 'ஜர்னல்சிடிஎல் -பி -1' (பூட் என்ற சொல்லின் முதலெழுத்துதான் அந்த பி). கோளாறுக்குப் பிறகு அதைத் தட்டும்போது கையை விரித்தால் காரணம் பெரும்பாலும் இந்த அடைவு இல்லாததுதான். அடைவை உருவாக்கி, சிஸ்டம்டி-ஜர்னல்டி சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். வீட்டில் தீ பிடித்த பிறகு வாளி வாங்கப் போக முடியாது.

இரண்டாவது, மொழி. டெஸ்க்டாப்பைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்குப் பிழைச் செய்திகளும் தமிழில் வரும். நமக்கு அது வசதி. ஆனால் அதை அப்படியே ஒட்டி அனுப்பினால் எங்கோ இருக்கும் பராமரிப்பாளருக்கு ஒன்றும் புரியாது. அதே செய்தியைத் தேடினாலும் பழைய அறிக்கைகள் சிக்காது. அறிக்கைக்காக ஓட்டும் கட்டளைக்கு முன்னால் மட்டும் 'எல்சி_ஆல்=சி' என்று சேர்த்தால் (எல்சி, ஆல், சி மூன்றும் பேரெழுத்தில்) அந்த ஒருமுறை மூல ஆங்கிலச் செய்தி வரும். மற்ற நேரம் தமிழிலேயே இருக்கட்டும்.

அப்புறம், தரம் பிரிப்பவர் உங்களிடம் கண்டிப்பாகக் கேட்கப்போகும் ஒரு கேள்விக்கு இப்போதே விடை தேடி வையுங்கள்: கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது, அதற்குப் பிறகு என்ன மாறியது? டெபியன், உபுண்டுவில் /வார்/லாக்/ஏபிடி அடைவில் உள்ள ஹிஸ்டரி கோப்பும், ஃபெடோராவில் 'டிஎன்எஃப் ஹிஸ்டரி' கட்டளையும், ஆர்ச்சில் பேக்மேன் லாக்கும் தேதியோடு பதில் சொல்லும். ஞாபகத்தை நம்பாதீர்கள். "நான் எதையுமே மாற்றவில்லை" என்று சத்தியம் செய்தவரின் ஹிஸ்டரியில் முந்தின நாள் 140 பேக்கேஜ் மாறியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

"பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் சும்மா நிற்கிறது"

திரையில் 'ஸ்டார்ட் ஜாப் ஈஸ் ரன்னிங்' என்று தொடங்கும் வரி ஓடி, பக்கத்தில் 1 நிமிடம் 30 நொடி வரை எண்ணிக்கொண்டிருக்கும். இது சிஸ்டம்டியின் வழு என்று எழுதப்படும் அறிக்கைகள் ஏராளம். பெரும்பாலும் வழுவே கிடையாது.

என் மடிக்கணினியிலேயே நடந்தது. ஒரே டிஸ்க்கில் இரண்டாவது டிஸ்ட்ரோ ஒன்றை நிறுவினேன். முதலாவது அன்றிலிருந்து மந்தம். ஒரு வாரம் திட்டித் தீர்த்த பிறகுதான் அந்த வரியை முழுசாகப் படித்தேன். அதில் ஒரு நீளமான யுயுஐடி (டிஸ்க் பகுதியின் அடையாள எண்) இருந்தது. இரண்டாவது நிறுவி, இரண்டு டிஸ்ட்ரோவுக்கும் பொதுவான ஸ்வாப் பகுதியை (நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் ஒதுங்கும் இடம்) புதிதாக வடிவமைத்துவிட்டது. வடிவமைத்தால் யுயுஐடி மாறும். பழைய டிஸ்ட்ரோவின் எஃப்எஸ்டேப் கோப்போ (எந்த டிஸ்க் பகுதியை இணைக்க வேண்டும் என்ற பட்டியல்) இல்லாமல் போன பழைய எண்ணுக்காக வாசலில் காத்துக்கொண்டிருந்தது. சிஸ்டம்டி பொதுவாக ஒரு சாதனத்துக்காகக் காத்திருக்கும் கெடு 90 நொடி, அதுதான் அந்த ஒன்றரை நிமிடம்.

'பிஎல்கேஐடி' கட்டளை இப்போதுள்ள எண்களைக் காட்டும். எஃப்எஸ்டேப்பில் உள்ளதோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். எப்போதாவது மட்டும் செருகும் வெளி டிஸ்க் என்றால் அதன் வரியில் 'நோஃபெயில்' சேர்த்தால் போதும். டெபியன் வழிவந்தவற்றில் இன்னொரு இடமும் உண்டு: உறக்கநிலையிலிருந்து எழுவதற்கான ஸ்வாப் எண், பூட்டின் தொடக்கத்தில் கெர்னலோடு ஏறும் சிறு தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸின் அமைப்பில் 'ரெஸ்யூம்' என்ற கோப்பில் தனியாகக் கிடக்கும். அதையும் திருத்தி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்காவிட்டால் பாதி மந்தம் மிச்சமிருக்கும். நான் அதை மறந்து இன்னும் இரண்டு நாள் முழித்தேன்.

நிறுத்தும்போது வரும் 'ஸ்டாப் ஜாப்' காத்திருப்பு வேறு கதை. அங்கே ஏதோ ஒரு சர்வீஸ் போகச் சொன்னால் போகாமல் அடம்பிடிக்கிறது. முந்தைய பூட்டின் பதிவின் கடைசிப் பக்கத்தில் 'ஸ்டாப்-சிக்டெர்ம்', 'டைம்ட் அவுட்' என்று வரும் வரியில் அதன் பெயர் இருக்கும். அறிக்கை அந்த சர்வீஸின் பேக்கேஜுக்குப் போக வேண்டும். 90 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொன்ற சிஸ்டம்டி மீது புகார் எழுதுவது, விசில் அடித்த நடுவர் மீது வழக்குப் போடுவது மாதிரி.

"புரோகிராம் சட்டென்று மறைந்துவிடுகிறது"

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மூன்று வெவ்வேறு சாவுகள் இதில் உண்டு.

டெர்மினலிலிருந்து ஓட்டிப் பாருங்கள். முடிந்ததும் வெளியேறும் எண்ணைக் கேளுங்கள். அது 128-க்கு மேல் இருந்தால், 128-ஐக் கழித்ததும் புரோகிராமை முடித்த சிக்னலின் (அதற்கு அனுப்பப்பட்ட சமிக்ஞையின்) எண் கிடைக்கும். 137 என்றால் சிக்னல் 9: வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். 139 என்றால் சிக்னல் 11: தன்னுடையதல்லாத நினைவகத்தில் கை வைத்து விழுந்திருக்கிறது. 134 என்றால் சிக்னல் 6: உள்ளே ஏதோ சரியில்லை என்று புரோகிராமே தன்னை முடித்துக்கொண்டது. அப்படி முடித்துக்கொள்ளும்போது பெரும்பாலும் காரணத்தை ஒரு வரியில் எழுதிவைத்துவிட்டுத்தான் போகும்.

137 வந்தால் முதல் சந்தேகம் நினைவகப் பற்றாக்குறை. கெர்னல் கொன்றிருந்தால் கெர்னல் பதிவில் 'அவுட் ஆஃப் மெமரி: கில்ட் பிராசஸ்' என்று தெளிவாக இருக்கும். கெர்னல் வாய் திறக்கவில்லையா? நினைவகம் தீரும்முன் ஆள் குறைக்கும் சிஸ்டம்டி-ஓஓஎம்டியின் பதிவைப் பாருங்கள். 2021-இல் ஃபெடோரா 34-உம், 2022-இல் உபுண்டு 22.04-உம் இதை இயல்பாகவே இயக்கிக் கொடுக்கத் தொடங்கின. கெர்னல் ஒரு பிராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொல்லும்; ஓஓஎம்டி ஒரு குழுவையே கொல்லும். உலாவியும் அதன் அத்தனை தாவல்களும் ஒரே குழு என்பதால் ஒரே நொடியில் எல்லாம் காலி. 22.04 வந்த புதிதில் "உலாவி கிராஷ் ஆகிறது" என்று உலாவியின் மேல் புகார் எழுதியவர்கள் பலர். உலாவி கிராஷ் ஆகவில்லை, அது கொல்லப்பட்டது. அறிக்கையில் 'கிராஷ்' என்று எழுதும் முன் இந்த வித்தியாசத்தை உறுதிசெய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வாரம் தவறான ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

139, 134 இரண்டும் உண்மையான வழுக்கள். இவற்றுக்கு அடையாளம் ஸ்டாக் டிரேஸ், அதாவது விழுந்த நொடியில் எந்த ஃபங்ஷன் எதை அழைத்திருந்தது என்ற வரிசை. 'கோர்டம்ப்சிடிஎல்' இருந்தால் அதன் 'லிஸ்ட்' விழுந்த புரோகிராம்களின் பட்டியலைத் தரும், 'இன்ஃபோ' டிரேஸைக் காட்டும். உபுண்டுவில் பெரும்பாலும் ஆப்போர்ட் என்ற கருவி விழுந்ததைப் பிடித்து /வார்/கிராஷ் அடைவில் போட்டுவைக்கும். டிரேஸில் ஃபங்ஷன் பெயர்களுக்குப் பதிலாக வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் அதை அனுப்பிப் பயனில்லை. அது குற்றவாளியின் முகத்தை மறைத்த புகைப்படம். முன்பெல்லாம் அந்தப் பெயர்களைத் தரும் டீபக் பேக்கேஜ்களைத் தேடித் தேடி நிறுவ வேண்டும். இப்போது டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் நான்குக்குமே டீபக்இன்ஃபோடி சேவை இருக்கிறது. 'கோர்டம்ப்சிடிஎல் ஜிடிபி' என்று திறந்தால், தேவையான குறியீடுகளை வலையிலிருந்து ஜிடிபி என்ற வழுத்தேடும் கருவியே இழுத்துக்கொள்ளும். அங்கே 'த்ரெட் அப்ளை ஆல் பிடி' என்று கேட்டு, வருவதை முழுசாக ஒரு கோப்பில் இடுங்கள். முதல் பத்து வரி போதும் என்று வெட்டாதீர்கள். திரையைப் படம் பிடித்தும் அனுப்பாதீர்கள், படத்தில் உள்ள எழுத்தை யாராலும் தேட முடியாது.

ஒரு எச்சரிக்கை. கோர் கோப்பு என்பது விழுந்த நொடியில் புரோகிராமின் நினைவகம் அப்படியே. நீங்கள் தட்டிய கடவுச்சொல், திறந்திருந்த கடிதம் எல்லாம் அதில் இருக்கலாம். பொதுவெளியில் இணைக்கவே கூடாது. ஆப்போர்ட் வழியாகப் போகும் கிராஷ் அறிக்கைகளை உபுண்டுவின் வழுப் பதிவுத் தளமான லாஞ்ச்பேட் முதலில் மறைவாக வைத்திருப்பதும் இதனால்தான்.

இன்னும் இரண்டு சோதனை செய்தால் உங்கள் அறிக்கைக்கு எடை கூடும். புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் வழு உங்கள் பழைய அமைப்புக் கோப்புகளில் ஒளிந்திருக்கிறது. அதே புரோகிராமின் ஃபிளாட்பேக் பதிப்பு (எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் தனிப் பொதி) ஒழுங்காக ஓடினால் டிஸ்ட்ரோ கட்டியதில் சிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் விழுந்தால் மூலத் திட்டத்துக்கே, அதாவது புரோகிராமை எழுதுபவர்களிடமே போகலாம்.

"புது கெர்னல் வந்ததிலிருந்து வைஃபை போச்சு" (அல்லது திரை, அல்லது ஒலி)

கணினி எழும்போது வரும் க்ரப் பட்டியலில் பழைய கெர்னல் இன்னும் இருக்கும். அதில் பூட் செய்யுங்கள். அங்கே ஓடி, புதியதில் ஓடாவிட்டால் அது 'ரிக்ரெஷன்', அதாவது ஓடிக்கொண்டிருந்ததை உடைத்தது. கெர்னல்காரர்கள் காது கொடுத்துக் கேட்கும் சொல் அது. ஏற்கெனவே ஓடியதை உடைக்கக் கூடாது என்பது கெர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காக்கும் விதி.

வைஃபை விஷயத்தில் ஒரு போலி அறிகுறியைச் சொல்லியாக வேண்டும். 'டிமெசேஜ்' (டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளை) பதிவில் 'ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்ட் வித் எர்ரர் -2' என்று சிவப்பாக நாலைந்து வரி வந்தால் உடனே பதற வேண்டாம். -2 என்றால் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள், அவ்வளவுதான். இன்டெல் டிரைவர் புதிய எண்ணுள்ள ஃபர்ம்வேரிலிருந்து (வன்பொருளுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) தொடங்கி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே கீழே இறங்கும். அதற்குக் கீழே 'லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்' என்ற வரி இருந்தால் கடைசியில் ஒன்று கிடைத்துவிட்டது. உங்கள் சிக்கல் வேறெங்கோ. அந்த வரியே இல்லாவிட்டால் ஃபர்ம்வேர் பேக்கேஜ் இல்லை. டெபியனில் இது தீராத தலைவலியாக இருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12-இலிருந்துதான் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே சேர்த்துத் தருகிறார்கள். 'ஆர்எஃப்கில்' கட்டளையையும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். 'ஹார்ட் பிளாக்ட்' என்று வந்தால் ஏதோ பொத்தான் தட்டுப்பட்டிருக்கிறது, அறிக்கை வேண்டாம்.

கெர்னல் அறிக்கைக்கு முன் /ப்ராக்/சிஸ்/கெர்னல் அடைவில் 'டெயின்டட்' (கறைபட்டது) கோப்பைப் படியுங்கள். 0 என்றால் சுத்தம். என்விடியாவின் மூடிய டிரைவர் ஏறியிருந்தால் 12289 என்பதுபோல் வரும்: மூடிய உரிமத்துக்கு 1, கெர்னலுக்கு வெளியே கட்டியதற்கு 4096, கையொப்பம் இல்லாததற்கு 8192. கறைபட்ட கெர்னலின் அறிக்கையை மூலத் திட்டத்தில் பொதுவாக ஏற்க மாட்டார்கள். அந்த மாட்யூலை (கெர்னலில் தனியாக ஏறும் துண்டு) ஏற்றாமல் பூட் செய்து அதே கோளாறைக் காட்ட முடியுமா பாருங்கள். பதிவில் ஊப்ஸ் (கெர்னல் தன் பிழையைக் கொட்டும் செய்தி) பல இருந்தால் முதலாவதுதான் சாட்சி. அடுத்தடுத்து வருபவை முதல் அடியில் தடுமாறியவை. 'கட் ஹியர்' என்று கோடு போட்ட இடத்திலிருந்து வெட்டி எடுங்கள், ஆனால் முழுப் பதிவையும் தனிக் கோப்பாகச் சேருங்கள்.

பொறுமை இருந்தால் 'கிட் பைசெக்ட்': உடைத்த மாற்றத்தைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் கட்டளை. ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 15,000 மாற்றங்கள் இருக்கும். ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டினால் 14 முறை கெர்னலைக் கட்டி பூட் செய்தால் குற்றவாளியான ஒற்றை மாற்றம் கையில் இருக்கும். 'லோகல்மாட்கான்ஃபிக்' கொண்டு உங்கள் இயந்திரத்துக்குத் தேவையான மாட்யூல்களை மட்டும் கட்டினால் பழைய மடிக்கணினியிலும் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். சலிப்பான வேலைதான். ஆனால் நிரல் எழுதத் தெரியாதவர் கெர்னலுக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி இதுவென்று நினைக்கிறேன்.

"எல்லாம் உறைந்துவிட்டது"

பாட்டு ஓடிக்கொண்டே இருந்து திரை மட்டும் நின்றிருந்தால் கிராபிக்ஸ் பக்கம் பாருங்கள்: கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்துங்கள், அல்லது இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (வலைவழித் தொலைநுழைவு) வழியாக நுழையுங்கள். நுழைய முடிந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது; அப்போதே பதிவை எடுத்துவிடுங்கள். கேப்ஸ் லாக் விளக்கு தொடர்ந்து சிமிட்டினால் அது கெர்னல் பேனிக், கெர்னலே கைவிட்டுவிட்டது. எதுவுமே அசையாவிட்டால் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று ஒவ்வொன்றாக அழுத்துங்கள். மின்சாரத்தைப் பிடுங்குவதைவிட டிஸ்க்குக்கு அது நல்லது. திரும்ப வந்ததும் /வார்/லிப்/சிஸ்டம்டி/பிஸ்டோர் அடைவில் ஏதாவது எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு செய்தியோடு விழுந்தால் அறிக்கை எழுதாதீர்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் திரையில் சிவப்பு இருந்தால் ரேம் மாற்ற வேண்டியதுதான்.

"டிஸ்க்கில் எழுத முடியவில்லை"

திடீரென்று படிக்க மட்டும் முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் டிஸ்க்கின் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கலாம். கெர்னல் பதிவில் 'ஐ/ஓ எர்ரர்' இருந்தால் முதலில் பேக்கப், பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் 'ஸ்மார்ட்சிடிஎல்', அறிக்கை எழுதவே வேண்டாம். இடம் இருந்தும் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்றால் 'டிஎஃப் -ஐ' பாருங்கள். குட்டிக் கோப்புகள் கோடிக்கணக்கில் சேர்ந்து ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் தேவையான பதிவிடம்) தீர்ந்திருக்கும்.

"தமிழ் உடைந்து தெரிகிறது"

இதை மட்டும் நம்மைத் தவிர வேறு யாரும் சரியாக எழுத மாட்டார்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கிறது. அதே வரியை ஃபயர்ஃபாக்ஸிலும் ஒரு சாதாரண உரைத்திருத்தியிலும் ஒட்டிப் பாருங்கள். டெர்மினலில் மட்டும் உடைந்தால் எழுத்துரு மேல் பழி போடாதீர்கள்: டெர்மினல் கட்டம் போட்ட தாள், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று எண்ணுவது. நம் எழுத்து அதில் அடங்காமல் திணறுவது பல டெர்மினல்களில் பழைய, ஏற்கெனவே பதிவான வழு. எல்லா இடத்திலும் உடைந்தால், தமிழுக்கு எந்த எழுத்துருவை அமைப்பு தேர்ந்தெடுக்கிறது என்று 'எஃப்சி-மேட்ச்' கொண்டு பாருங்கள்.

தேடல் வேலை செய்யாததும் இதன் தம்பிதான். 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. விதிப்படி இரண்டும் சமம், கண்ணுக்கும் ஒன்றுதான். ஆனால் 'கிரெப்' போன்ற தேடும் கட்டளைகள் பைட்டைத்தான் பார்க்கும், எனவே ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது.

இவற்றை அறிக்கையாக எழுதும்போது, படிப்பவருக்குத் தமிழ் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். "சரியாகத் தெரியவில்லை" என்றால் அவருக்கு எது சரி என்றே தெரியாது. சரியான படம், தவறான படம், குறிமுறை எண்களின் வரிசை மூன்றையும் வையுங்கள்.

எங்கே கொடுப்பது, உள்ளே என்ன நடக்கிறது

ஐயம் இருந்தால் டிஸ்ட்ரோவிடம் கொடுங்கள். சிஸ்டம்டி போன்ற திட்டங்கள் தங்களின் மிக அண்மைப் பதிப்புகள் பற்றிய அறிக்கைகளை மட்டுமே கேட்கின்றன. மூன்று வருடப் பழைய பதிப்போடு அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உபுண்டுவில் 'உபுண்டு-பக்', டெபியனில் 'ரிப்போர்ட்பக்' இரண்டுமே பதிப்பு விவரங்களைத் தாமே சேர்த்துக்கொள்ளும். ஃபெடோராவுக்கு பக்சில்லா என்ற தளம்.

ஓர் அறிக்கையில் ஒரு வழு. "அதோடு ஒலியும் வரவில்லை" என்ற பின்குறிப்புதான் நல்ல அறிக்கைகளைக் கெடுக்கிறது, ஏனென்றால் பாதி தீர்ந்த அறிக்கையை மூடவும் முடியாது, வைக்கவும் முடியாது. தீவிரத்தை நீங்களே ஏற்றிப் போடாதீர்கள். டெபியனில் 'கிரிட்டிக்கல்' என்றால் தொடர்பில்லாத மென்பொருளையோ மொத்த அமைப்பையோ உடைப்பது, தரவைப் பெரிய அளவில் அழிப்பது, பாதுகாப்பு ஓட்டை போடுவது. உங்கள் வைஃபை அதில் சேராது. தரம் பிரிப்பவர் முதலில் பார்ப்பது, ஏற்கெனவே இதே வழு இருக்கிறதா, இன்னொருவர் இயந்திரத்தில் வரவைக்க முடியுமா என்ற இரண்டைத்தான். (உபுண்டுவின் முதலாம் எண் வழு "சந்தையின் பெரும்பங்கு மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது" என்பது. உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் பதிந்து 2013-இல் மூடினார். அதற்கு யாரும் ஸ்டாக் டிரேஸ் கேட்கவில்லை.)

பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் மட்டும் பொதுப் பட்டியலுக்குப் போகாதீர்கள். 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் தன் டெபியன் இயந்திரத்தில் எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். தோண்டியதில் கோப்புகளைச் சுருக்கும் கருவியான எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு வைத்த பின்வாசல் கிடைத்தது. அவர் அதை முதலில் டெபியனின் பாதுகாப்புக் குழுவிடம் கமுக்கமாகச் சொல்லிவிட்டு, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அரை நொடிக்காக நானாக இருந்தால் இன்னொரு காபி போட்டிருப்பேன்.

கொடுத்த பிறகு மறந்துவிடாதீர்கள். லாஞ்ச்பேடில் கேள்வி கேட்டு 'இன்கம்ப்ளீட்' என்று மாற்றிவைத்தால் 60 நாள் பதில் இல்லாவிட்டால் அறிக்கை தானாகக் காலாவதியாகும். உண்மையான வழுக்கள் இப்படி அநியாயமாகச் செத்துப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். திருத்தம் வந்த பிறகும் ஒரு வேலை மிச்சம்: உபுண்டுவின் நிலைப் பதிப்புகளுக்கான திருத்தம் முதலில் 'ப்ரப்போஸ்ட்' களஞ்சியத்தில் வைக்கப்பட்டு, உங்கள் அறிக்கையில் 'வெரிஃபிகேஷன்-நீடட்' என்ற குறிச்சொல் ஒட்டப்படும். அந்த ஒரு பேக்கேஜை மட்டும் அங்கிருந்து நிறுவி, வழுவை மறுபடி வரவைக்க முயன்று, வராவிட்டால் எந்தப் பதிப்பைச் சோதித்தீர்கள் என்று எழுதிவிட்டுக் குறிச்சொல்லை 'வெரிஃபிகேஷன்-டன்' என்று மாற்றுங்கள். யாரும் மாற்றாவிட்டால் அந்தத் திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேராது.